சேம்பிள் ரூம் புகை

மீசை அரும்பிய காலத்திலிருந்து சுருட்டு பிடிக்கிறவன் நான். கடையோரம் நின்று நுனியைக் கடித்துத் துப்பி, பற்றவைத்து, வாய் நிறைய இழுத்து விட்டுப் போய்க்கொண்டே இருக்கிற ரகம். மரக்குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, அணைய அணையக் குச்சி கிழித்து, பெரிய யோசனைக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிற வேலையெல்லாம் எனக்குச் சுத்தமாக ஆகாது. அப்படிப்பட்டவன் போன வருஷத்தில் பாதியை பைப் பிடித்தே கழித்தேன். எந்த இலை, எந்தக் கலவை, எவ்வளவு ஈரம் என்று பேயாய் அலைந்தேன். என் ஆசைக்கு இல்லை. என் தோஸ்த் ஒருத்தனுக்காக. அவனால் இனிமேல் எந்தப் புகையையும் பிடிக்க முடியாது.

ஆம்பூரில் ஒரே தோல் ஷாப்பில் இரண்டு பேருக்கும் வேலை. தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வது. நான் ஃபினிஷிங்கில் சூப்பர்வைசர். அவன் செலக்‌ஷன். முடிந்து வருகிற தோலை மேஜையில் விரித்து, தடவி, மடக்கி, மோந்து பார்த்துத் தரம் பிரித்துப் போடுகிறவன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், கழிவுத் தண்ணி சுத்தம் செய்கிற பிளான்டுக்குப் பின்னால், மதிலோரம் ஆளுக்கொரு சுருட்டு. அங்கே நாங்கள் பெரிதாக எதுவும் பேசியதில்லை. எந்த லாட்டுத் தோலில் கறை, எவன் பையன் துபாய் போனான், எந்த முதலாளி யாரைத் திட்டினார். அவ்வளவுதான். சுருட்டு தீர்ந்ததும் உள்ளே போய்விடுவோம்.

அவனுக்குக் குரல் கம்ம ஆரம்பித்தபோது தோலுக்குச் சாயம் பீய்ச்சுகிற ஸ்பிரே பூத் புகைதான் காரணம் என்று நானே சொன்னேன். தேன் சாப்பிடு, மிளகு சாப்பிடு என்றேன். அவனும் சாப்பிட்டான். பிறகு வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்பெட்டியையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தும் விட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, மூச்சு அது வழியாக. பேச்சு போய்விட்டது.

ஆபரேஷன் அன்று வராந்தாவில் அவன் மனைவி என்னிடம் வந்தாள். கத்தவில்லை, அழவில்லை. "உங்க ரெண்டு பேரு சுருட்டுதாண்ணா இது" என்றாள். அவன் பிடித்த அதே சுருட்டை, அதே மதிலோரம், அவனைவிட ஜாஸ்தியாகவே பிடித்தவன் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு முன்னால் நல்ல தொண்டையோடு நிற்பதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்கப்புறம் அவன் வீட்டுக்குப் போகவில்லை. சட்டையெல்லாம் சுருட்டு நாற்றம், அந்த வீட்டுக்குள் எப்படிப் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கழுத்து ஓட்டையைப் பார்க்க எனக்குப் பயம், அதுதான் உண்மை.

ஒரு நாள் அவன் மகன் ஷாப்பு கேட்டுக்கு வந்தான். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளை, ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தான். "அப்பா உங்கள வரச் சொல்றாருன்னு நெனைக்கிறேன்" என்றான்.

"நெனைக்கிறேன்னா இன்னாடா அர்த்தம்?"

"அவரு வாய அசைக்கிறாரு. எங்களுக்குப் புரிய மாட்டேங்குது. மீசைய முறுக்கிக் காட்டினாரு, அப்புறம் சுருட்டு மாதிரி வெரல வச்சிக் காட்டினாரு. அது நீங்கதானே?"

போனேன். ஞாயிற்றுக்கிழமை, குளித்து, துவைத்த சட்டை போட்டு, ஏலக்காய் மென்றுகொண்டு போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் மெல்லிசுத் துணி. என்னைப் பார்த்ததும் வாயை அசைத்தான். எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

"செத்தாதான் வருவியா நாயே" என்றான்.

இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. ஷாப்பில் டிரம் ஓடுகிற சத்தத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். மரப் பீப்பாய்கள் வீடு உயரத்துக்கு நின்று சுழலும், உள்ளே ஈரத் தோல் விழுந்து விழுந்து புரளும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கத்துவதை விட்டுவிட்டு வாயசைவைப் பார்த்தே பேசப் பழகிவிடுவோம். கெட்ட வார்த்தை, லாட்டு நம்பர், டீ வந்தாச்சா, மேனேஜர் வர்றான், எல்லாம் உதட்டிலேயே ஓடும். அவன் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. கழுத்தில் வைத்துப் பேசுகிற பேட்டரிக் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். அது போடுகிற இரைச்சலுக்கு வெட்கப்பட்டு அதைப் பீரோவில் போட்டுவிட்டான். எழுத்தும் ஓடாது, போனில் தட்டி அனுப்பவும் வராது அவனுக்கு. எப்போதும் வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவான். இனி அதற்கும் வழியில்லை.

நான் பேச்சை ஆரம்பிக்கத் தெரியாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் முழங்காலைத் தட்டினான்.

"வெள்ளக்காரன் பைப் ஞாபகம் இருக்குதா? சேம்பிள் ரூமு. அந்த வாசன எனக்கு வேணும். போறதுக்குள்ள ஒரு தபா மோந்து பாத்துடணும்."

ஞாபகம் இல்லாமலா? நாங்கள் இளவட்டமாக இருந்தபோது வருஷா வருஷம் தோல் வாங்க ஒரு கிழட்டு பையர் வருவார். ஐரோப்பாக்காரர். சேம்பிள் ரூமில் ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தி, பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு தோல் பார்ப்பார். தோலைப் புரட்டிக் காட்டுவது இவன் வேலை, கலர் துண்டுகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அவர் ஊருக்குப் போன பிறகும் அந்தப் புகை வாசனை அறையிலேயே தங்கியிருக்கும். நாங்கள் வேலை இருக்கிற மாதிரி உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு மூச்சு இழுப்போம். வாழ்க்கையில் நாங்கள் அனுபவித்த ஒரே பணக்கார வாசனை அது. இன்ன புகையிலை என்று கேட்க எங்களுக்கு வாயும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அந்த மனுஷன் வருவது எப்போதோ நின்றுபோனது. அவர் கம்பெனியும் எங்களிடம் வாங்குவதில்லை.

"டேய், உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?" என்றேன். "கழுத்துல ஓட்டைய வச்சிக்கினு பைப்பா?"

"நீ புடி. நான் பக்கத்துல உக்காந்து மோந்துக்கறேன்."

அவன் மனைவி கதவருகில் நின்றிருந்தாள். அவன் சொன்னதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். துடைப்பத்தை எடுத்து அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். "மாடியில வச்சிப் புடிங்கண்ணா. அவரு மேல ஜாஸ்தி படாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் கிடைத்த வரைக்கும் லாபம் என்று விட்டுவிட்டேன்.

ஆம்பூரில் பைப் புகையிலைக்கு எங்கே போவது? ரயில் ஏறி பெங்களூர் போனேன். விசாரித்துப் பிடித்த கடைக்காரர் தமிழ் நன்றாகப் பேசினார். ஒரு சாதாரணப் பைப் எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதுக்கு முன்னாடி இன்னா புடிச்சிட்டிருந்தீங்க?" என்றார்.

"சுருட்டு."

"அப்போ இனிப்புக் கலந்ததெல்லாம் உங்களுக்கு ஆகாது. பர்லி இலை ஜாஸ்தி உள்ள கலவையா பாருங்க, சுருட்டுக்குக் கிட்ட வரும்."

"எனக்குப் புடிச்சா போதாதுங்க. ஒரு குறிப்பிட்ட வாசன வேணும்."

"எப்படிப்பட்ட வாசன, சொல்லுங்க."

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். எப்படிச் சொல்வது? நல்ல வாசனை என்றேன். ஒரு வெள்ளைக்காரர் பிடிப்பார் என்றேன். ரூமிலேயே நிற்கும் என்றேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். அப்புறம் டப்பா டப்பாவாகத் திறந்து காட்டினார். வர்ஜீனியா, உலர்ந்த புல் மாதிரி. பெரிக், பீப்பாயில் அழுத்திப் புளிக்க வைத்த இலை, ஊறுகாய் நெடி. லடாக்கியா, கறுப்பு இலை, விறகுப் புகையில் தொங்கவிட்டுப் பதப்படுத்தியது. வெனிலா, செர்ரி என்று சென்ட் கலந்த ரகங்கள் ஒரு வரிசை. இவற்றை இவ்வளவு இவ்வளவு என்று கலக்கக் கலக்க வேறு வேறு ரகம் வந்துகொண்டே இருக்குமாம். இந்த ஜென்மத்தில் முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு வெனிலா டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கிளம்பும்போது கடைக்காரர் சொன்னார்: "சுருட்டுக்காரங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணுதான் சார். இழுப்பாங்க. இத இழுக்கக் கூடாது. சூடான டீயை உறிஞ்சற மாதிரி மெள்ளமா."

தலையை ஆட்டினேன். மாடியில் அவன் முன்னால் உட்கார்ந்து, நிரப்பி, பற்றவைத்து, சுருட்டை இழுப்பது போலவே இழுத்தேன். நாக்கு வெந்துபோயிற்று. கொப்பளம் என்றால் கொப்பளம், சாயங்காலம் மோர்சாதம்கூடத் தின்ன முடியவில்லை. குழாய் கொதித்தது, கிணற்றில் குடம் முங்குவது போல உள்ளே களக் களக்கென்று சத்தம் வேறு. அணைந்தது, பற்றவைத்தேன், அணைந்தது. தீப்பெட்டியே காலி. கீழேயிருந்து அவன் மனைவி, "யாரு வூட்லயோ கேக்கு செய்றாங்க" என்றாள்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். புகை அவன் பக்கம் போனதும் தலையை இல்லை என்று ஆட்டினான். பிறகு உதட்டை அசைத்தான்: "எப்படி இருக்குது? சொல்லு."

"நீதான் மோந்து பாத்தியே. நான் இன்னாத்த சொல்றது?"

"சொல்லு."

"பேக்கரிக்குப் பின்னாடி நிக்கற மாதிரி இருக்குது. போதுமா?"

தோள் குலுங்கச் சிரித்தான். சத்தம் இல்லை, கழுத்துத் துணி மட்டும் மூச்சுக்காற்றில் படபடத்தது. அந்தத் துணியைப் பார்க்க எனக்கு இருந்த பயம் அன்றைக்கே பாதி போய்விட்டது.

அப்படியே ஞாயிறு தவறாமல் போக ஆரம்பித்தேன். போகாமல் எப்படி இருப்பது? கையில் ஒரு வேலை இருந்ததே. வாரம் முழுக்க ஷாப்பில் வேலைக்கு நடுவே யூடியூபில் எவனோ தாடிக்காரன் பைப் நிரப்புவதைப் பார்ப்பேன். அவன் பேசுவது ஒரு வார்த்தை புரியாது, விரலை மட்டும் பார்ப்பேன். அடியில் லேசாக, மேலே இறுக்கமாக. முதல் நெருப்பு சும்மா, மேலே பொங்கி வருகிற இலையை அமுக்கிவிட்டு ரெண்டாவது நெருப்புதான் நிஜ நெருப்பு. இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பெங்களூர் போகிற ஆளிடமெல்லாம் டப்பா சொல்லி அனுப்பினேன். வர்ஜீனியாவுக்குத் தலையாட்டினான், இல்லை. பெரிக்குக்கு இல்லை. செர்ரியைப் பற்றவைத்தபோது நானே, "இது இல்லடா, இருமல் மருந்து" என்று சொல்லித் தட்டிக் கொட்டிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "சொல்லு" என்பான். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். மீதி நேரமெல்லாம் பேச்சு. மதிலோரம் பேசாததையெல்லாம் அந்த மாடியில் பேசினோம். மகன் கல்யாணத்தைப் பார்க்க முடியாது என்றான். வலிக்கிறது என்று வீட்டில் சொல்ல முடியவில்லை, சைகை காட்டினால் அழுகிறார்கள் என்றான். சாவதற்குப் பயமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னான். நான் குழாயைச் சுரண்டிக்கொண்டே கேட்டேன். குழாய் இல்லாவிட்டால் எழுந்து போயிருப்பேன்.

லடாக்கியா கலந்த டப்பா வந்த அன்று ரயில்வே ஸ்லீப்பர் கட்டை எரிகிற மாதிரி ஒரு புகை. எனக்கு உள்ளே ஏதோ தட்டியது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, விரலைச் சேர்த்துக் காட்டினான். கிட்ட, கிட்ட வந்துட்ட. ஆனால் அது இல்லை.

இலை ஈரமாக இருப்பதால்தான் சரியாக எரியவில்லை என்று எனக்கு ஒரு கணக்கு. ஈரத்தைப் பற்றி எனக்கா தெரியாது, நாள் முழுக்கத் தோலின் ஈரம் பார்க்கிறவன். மறுநாள் ஷாப்பில், தோல் காயவைக்கிற மெஷினின் சூடான தகட்டு ஓரத்தில் அந்தப் புகையிலையைப் பரப்பினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்து, தொட்டால் தூள். சரி, தோல் அதிகமாகக் காய்ந்துபோனால் நாங்கள் என்ன செய்வோம்? ஈர மரத்தூளுக்குள் புதைத்து வைப்போம், மறுநாள் பதமாக இருக்கும். புகையிலையும் ஒரு தோல்தானே என்று மெல்லிய துணியில் முடிந்து அதே மரத்தூள் தொட்டியில், கன்றுத்தோல்களுக்கு நடுவில் புதைத்துவிட்டேன். எந்தப் பைப்காரனாவது கேட்டால் செருப்பால் அடிப்பான். அந்தத் தொட்டியில் மரத்தூள் மாற்றி எவ்வளவு நாளோ. மீன் எண்ணெய், பட்டைச்சாறு, தோல், எல்லாம் ஊறிய தொட்டி.

எடுத்து மோந்து பார்த்தேன். நாறியது. டப்பா பாழாய்ப் போச்சே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேறு டப்பா கையில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வேறு. வெறும் கையோடு போகக் கூடாதே என்று அதையே எடுத்துக்கொண்டு போனேன்.

மாடியில் நிரப்பி, பற்றவைத்து, அமுக்கி, மறுபடி பற்றவைத்தேன். மெள்ள உறிஞ்சினேன். வெளியே விட்டேன்.

அய்யோ.

சேம்பிள் ரூம். ஏசிக் குளிர், சாத்திய கதவு, மேஜை மேல் அடுக்கடுக்காகத் தோல், எல்லாம் அந்தப் புகையில் வந்து நின்றது. இத்தனை மாசம் நான் தேடியது புகையிலையை மட்டும். அந்த வாசனையில் பாதி எங்கள் தோல். அது எந்த டப்பாவிலும் இருக்காது, அந்த வெள்ளைக்காரருக்கே அவர் ஊரில் கிடைத்திருக்காது. "டேய்! இதாண்டா! இதேதாண்டா!" என்று கத்தினேன். அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு தலையை மேலும் கீழுமாக ஆட்டினான். ஆமாம், இதுதான். அவன் கண்ணிலும் தண்ணீர். என் கையைப் பிடித்துக்கொண்டான். என் வாழ்நாளில் ஒருத்தனுக்கு உருப்படியாக ஒன்று செய்துவிட்டேன் என்று அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்த நடை இருக்கிறதே, தெருவில் தெரியாதவனையெல்லாம் பார்த்துச் சிரித்தேன்.

அந்த வாரமே வேலூரில் அவனுக்கு ஸ்கேன் ரிசல்ட். அவன் சொல்வதை டாக்டருக்குச் சொல்ல நான் வேண்டும் என்று கூட்டிப் போனார்கள். காத்திருக்கிற ஹாலில் எங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு நோயாளி, அவருக்கும் கழுத்தில் துணி. அவர் மனைவி நர்ஸிடம் குறைபட்டுக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அடுப்புல பால் தீஞ்சி வீடெல்லாம் நாறுது. இவரு பக்கத்துலயே உக்காந்திருக்காரு, ஒண்ணும் தெரியல. மூளையில எதுனா ஆயிடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மூக்கு வழியா காத்துப் போனாதான் வாசன தெரியும். இவங்க மூச்சு வுடறது கழுத்து வழியா. ஆபரேஷனுக்கு முன்னாடியே எல்லாருக்கும் சொல்லிடறோமே, குரலும் போயிடும் வாசனையும் போயிடும்னு."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் டோக்கன் நம்பர் ஓடுகிற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவியைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்து, மூடி, திறந்துகொண்டிருந்தாள்.

கேட்பதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயசு, பொறுமையாகச் சொன்னார். நுரையீரலுக்குப் பரவிவிட்டது. இன்னொரு ஆபரேஷன் கிடையாது. இனி வலிக்கு மட்டும் மருந்து. ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அவன் உதட்டை அசைத்தான். நான் டாக்டரிடம் சொன்னேன்: "தேங்ஸ் சொல்றாருங்க."

மருந்து வாங்குகிற வரிசையில் அவளைத் தனியாகப் பிடித்தேன். "உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்ணா."

"அப்புறம் எதுக்கும்மா என்ன இத்தன மாசம் பேஜார் பண்ணீங்க? உன் வூட்டு மாடியில புகை போட்டுக்கினு, அவன் பக்கத்துலயே! நான் இன்னா பைத்தியக்காரனா?"

அவளுக்கும் கோபம் வந்தது. "அவரு பேசறது உங்க ஒருத்தருக்குத்தானேண்ணா புரியுது! எனக்குப் புரியுதா? பெத்த புள்ளைக்குப் புரியுதா? நீங்க வந்துட்டுப் போற அன்னிக்கு மட்டும்தான் அவரு வாய்க்கு ஒரு வாய் சோறு எறங்குது. புகையாவது ஒண்ணாவது, வுடுங்கண்ணா. இனிமே புதுசா இன்னா வந்துடப் போவுது?" சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மருந்து கொடுப்பவர் பேரைக் கூப்பிட, வாங்கிக்கொண்டு வந்தோம்.

பஸ்ஸில் அவனும் நானும் ஒரு சீட்டு. பாட்டு அலறிக்கொண்டிருந்தது. நான் ஷாப்பில் பேசுவது போல உதட்டை மட்டும் அசைத்தேன், பக்கத்து சீட்டுக்காரனுக்கும் தெரியவில்லை.

"ஏண்டா பொய் சொன்ன?"

"சும்மா வாடான்னா நீ வந்திருப்பியா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவன் என் தாடையைப் பிடித்துத் திருப்பினான்.

"உனக்கு ஒரு வேல இருந்தாதான் ஒரு எடத்துல உக்காருவ. எனக்குத் தெரியாதா உன்ன? மோந்து பாத்தது பொய். சொல்லுன்னு கேட்டது நெஜம். நீ சொன்னா எதுனா வாசன வருமான்னு பாத்தேன். கடைசியா அந்தப் புகை, அதுதான்னு கத்தின, அழுத. எப்படி இருந்துச்சின்னு நீ சொல்லவே இல்லியே."

அடுத்த ஞாயிறு மிச்சமிருந்த புகையிலையை எடுத்துக்கொண்டு போனேன். மாடி ஏற அவனால் முடியவில்லை, மகனும் நானும் தூக்கிக்கொண்டு போனோம். பற்றவைத்தேன். அதே வாசனை, கொஞ்சமும் குறையவில்லை. அவன் முன்னால் சாய்ந்து என் வாயையே பார்த்தான்.

"சொல்லு."

"நல்லா இருக்குடா" என்றேன். "அதேதான்டா. சேம்பிள் ரூம் மாதிரியே."

"எப்படி?"

"எப்படின்னா... தோலு, புகை... நல்லா..."

அவன் காத்திருந்தான். இந்தப் பாழும் வாய்க்கு அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வாழ்நாள் முழுக்கச் சரி, சரியில்லை, ஏ கிரேடு, பி கிரேடு என்றே பேசி வளர்ந்த வாய். பரவாயில்லை என்று என் தொடையைத் தட்டினான். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம் முழுக்க நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஸ்பிரே பூத்தில் நின்றுகொண்டு வார்த்தை தேடினேன். புதுத் தோலைப் பிரிக்கும்போது வருகிற முதல் மூச்சு. மழை பெய்து நின்ற பிறகு அடுப்புச் சாம்பல். சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்து, என் மனைவி யார் கூட இருந்தாய் என்று கேட்ட அந்த வாசனை. உள்நாக்கில் கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கார்ப்பு. வேலையில்லாத மத்தியானம் ஒன்று திடீரென்று கிடைத்தது மாதிரி. எல்லாவற்றையும் வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பைப்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டிலில் படுத்திருந்தான். வலி மருந்தைக் கூட்டியிருந்தார்கள். கண் பாதி மூடியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே குனிந்து, ஒன்று விடாமல் சொன்னேன். அவசரப்படாமல், ஒவ்வொன்றாக. அவன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முடித்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து அவன் உதடு அசைந்தது. நான் பாய்ந்து குனிந்தேன். மறுபடியும் அசைந்தது. உதடு சேரவில்லை, நாக்கு எழும்பவில்லை. "இன்னாடா? இன்னொரு தபா சொல்றா" என்றேன். இன்னொரு தடவை அசைத்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

அவன் மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னாண்ணா சொல்றாரு?"

"உன்னப் போய் சாப்பிடச் சொல்றான்மா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்று அவனிடம் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.